அம்மாவும் டெசிபலும்

ராத்திரி பத்து மணி. கம்ப்யூட்டரில் வீணை ஆலாபனை. எண்பது வயது அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "சத்தமே வரலைடா" என்றாள். ஏற்றி வைத்தேன். அடுத்தது புதுப் பாட்டு. டமால்! அம்மா பதறி எழுந்து உட்கார்ந்தாள். மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

"போதும்டா, அணைச்சுடு. எனக்குப் பாட்டே வேண்டாம்."

அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. காரணம் தேடினேன்.

டிஜிட்டலில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் போக முடியாது. பழைய பதிவில் எங்கோ ஒரு மிருதங்க அடி மட்டும் கூரையைத் தொடும். மற்றதெல்லாம் கீழே சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். 1990-களில் உலகமெங்கும், 'என் பாட்டுதான் உரக்கக் கேட்கணும்' என்ற போட்டி முற்றியது. மெல்லிய இடங்களையும் தூக்கிக் கூரையோடு ஒட்ட வைத்துவிட்டார்கள். உச்சம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால், நம் காது உச்சத்தைப் பார்ப்பதில்லை, சராசரியைத்தான் பார்க்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் வந்து, விண்டோஸ் ஸ்பீக்கர் செட்டிங்கில் 'லௌட்னஸ் ஈக்வலைசேஷன்' என்ற கட்டத்தை டிக் செய்தான். (எல்லாக் கம்ப்யூட்டரிலும் இது இருக்காது.) அலறல் நின்றது. கூடவே வீணையும் போச்சு! சாம்பார், ரசம், பாயசம் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிய மாதிரி.

"என்னடா, ஏத்த இறக்கமே காணோமே?" என்றாள் அம்மா. மந்தக் காதுதான். ஆனால் சங்கீதக் காது.

கடைசியில் கை கொடுத்தது 'ரீப்ளேகெயின்'. 2001-ல் டேவிட் ராபின்சன் என்பவர் சொன்ன யோசனை. பாட்டு முழுவதையும் அளந்து, 'இதை 9 டெசிபல் குறை, அதை 2 ஏற்று' என்று சீட்டு எழுதி ஃபைலோடு ஒட்டிவிடும். பாட்டின் மேல் கை வைக்காது. உள்ளே ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். ஃபூபார்2000-ல் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து ஸ்கேன் பண்ண வேண்டியதுதான். பிளேபேக் செட்டிங்கில் 'டிராக்' என்று சொல்ல மறக்காதீர்கள். விஎல்சி-யும் இந்தச் சீட்டைப் படிக்கும். உரத்த பாட்டுகள் அடங்கிவிடுவதால் மொத்தச் சத்தம் குறையும். ஸ்பீக்கர் குமிழை ஒரே ஒரு தரம் திருகிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 2012 டிசம்பரிலிருந்து டி.வி. விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்கக் கத்தக் கூடாது.

நேற்று வீணை முடிந்து புதுப் பாட்டு வந்தது. அம்மா அசையவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்தார், கவலையோடு. "ஏன் சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? இப்பல்லாம் பாட்டுச் சத்தமே கேக்கறதில்லையே?"