ஒரே ஒரு சிவப்பு

போலந்தின் கிராகோவ் நகரில் இருந்த யூதர் குடியிருப்பை 1943 மார்ச்சில் நாஜிப் படை காலி செய்கிறது. குன்றின் மேல் குதிரையில் அமர்ந்தபடி அதைப் பார்க்கிறார் தொழிலதிபர் ஆஸ்கர் ஷிண்ட்லர். துப்பாக்கிச் சூடு, ஓட்டம், தெருவெங்கும் சிதறிய பெட்டிகள், எல்லாமே கறுப்பு வெள்ளையில். நடுவே ஒரு சிறுமி தனியாக நடந்து போகிறாள். அவளுடைய மேல்கோட்டு மட்டும் சிவப்பு. பல காட்சிகளுக்குப் பிறகு, தோண்டியெடுத்த பிணங்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதே சிவப்பு மீண்டும் கண்ணில் படுகிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) 3 மணி 15 நிமிடப் படம். பார்த்த பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சிறிது நேரமே தெரியும் அந்தக் கோட்டுதான். யூதர்கள் கொல்லப்படுவது அமெரிக்கத் தலைமைக்குத் தெரிந்தே இருந்தது. சிவப்புக் கோட்டுச் சிறுமி நடுத்தெருவில் நடப்பதைப் போல அது பளிச்சென்று தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை. ஸ்பீல்பெர்க் பின்னாளில் தந்த விளக்கம் இது. ஆக, அந்தச் சிவப்பு அலங்காரமல்ல, குற்றச்சாட்டு.

உத்தி பழையது. 1925-ல் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' எடுத்த சோவியத் இயக்குநர் செர்கய் ஐசன்ஸ்டைனுக்குக் கலகக் கப்பலில் செங்கொடி பறந்தாக வேண்டும். கறுப்பு வெள்ளை பிலிமில் சிவப்புத் துணி கருத்துத்தான் விழும். எனவே வெள்ளைக் கொடியை ஏற்றிப் படம் பிடித்து, பிறகு 100-க்கும் மேற்பட்ட பிரேம்களில் கையாலேயே சிவப்பு பூசினார்கள். ஜப்பானின் அகிரா குரோசாவா 'ஹை அண்ட் லோ' (1963) படத்தில் வேறு விதமாகச் சிந்தித்தார். கடத்தல்காரனுக்குத் தரும் பணப்பெட்டியில் போலீஸ் ஒரு ரசாயனத்தை மறைத்து வைக்கிறது. பெட்டியை எரித்தால் இளஞ்சிவப்புப் புகை வரும். 143 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தில் புகைபோக்கியிலிருந்து எழும் அந்தப் புகைக்கு மட்டும் வண்ணம். துப்பு கிடைத்துவிட்டது என்று வசனம் எழுதத் தேவையே இல்லை.

அன்று ஆய்வுக்கூடங்கள் மெனக்கெட்டுச் செய்ததை இன்று செல்போனே செய்துவிடுகிறது. விளைவு, கல்யாண வீடியோக்களில் மணமகளின் சிவப்புப் புடவையோ கையிலுள்ள ரோஜாவோ மட்டும் மின்ன, தாத்தா பாட்டி உட்பட மற்ற அனைவரும் சாம்பல் நிறத்தில் நிற்கிறார்கள்.

இதன் சூட்சுமம் எளிது. கலர் டி.வி. சிக்னலில் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனிக் கூறுகள். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது வீடுகளிலிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து படம் காட்டியது இதனால்தான். அவை வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு வண்ணத்தை விட்டுவிட்டன. இன்றைய எடிட்டிங் சாஃப்ட்வேரும் அதையே செய்கிறது. ஒரு நிறத்தை மட்டும் தக்கவைத்து மற்றவற்றை வடித்துவிடுகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. புடவையின் சிவப்பை வைத்துக்கொள்ளச் சொன்னால் குங்குமம், உதடு, மருதாணி, செங்கல் சுவர் எல்லாம் கூடவே வந்து நிற்கும். அப்போது வேண்டிய உருவைச் சுற்றி வரம்பு வரைந்து, அது அசையும்போதெல்லாம் வரம்பையும் நகர்த்த வேண்டும். விநாடிக்கு 25 பிரேம் என்றால் 10 விநாடிக்கு 250 பிரேம். கம்ப்யூட்டர் பின்தொடரும், குறுக்கே ஒரு கை வந்தால் தடுமாறும், மனிதர்தான் திருத்த வேண்டும். தவிர, சாதாரண கேமராக்கள் வெளிச்சத்தைப் பதியும் நுணுக்கத்தில் கால் பங்குதான் வண்ணத்துக்குத் தருகின்றன. ஓரங்களில் நிறம் கசிவது அதனால். விவரம் தெரிந்தவர்கள் படப்பிடிப்புக்கு முன்பே வேலையை முடித்துவிடுவார்கள். சிவப்பு ஒரே பொருளில் இருக்கும்; சுற்றியுள்ளவர்களுக்கு நீலமும் பச்சையும்.

இவை எல்லாம் கலரில் எடுத்த படத்துக்குப் பொருந்தும். கறுப்பு வெள்ளையிலேயே பதிவானதில் வடிப்பதற்கு வண்ணம் ஏது? பூசத்தான் முடியும். சினிமாவில் அது கலை. செய்தியில் அது ஆபத்து. கண்காணிப்பு கேமராக்கள் பல, இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையாகவே பதிகின்றன. அந்த வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைகூட வெளுத்துத் தெரியலாம். அத்தகைய பதிவில் ஓடுகிறவரின் சட்டைக்கு யாராவது சிவப்பு பூசி ஒளிபரப்பினால், பார்ப்பவர் மனதில் பதிவது கேமரா பார்க்காத சட்டை. மறுநாள் சிவப்புச் சட்டை போட்ட அப்பாவி ஒருவர் அந்தத் தெருவில் நடக்க நேர்ந்தால் அவர் பாடு திண்டாட்டம். அந்த இடத்தைச் சுட்ட வட்டமோ அம்புக்குறியோ போதும். அவை தாங்கள் பின்னால் போட்டவை என்பதை மறைப்பதில்லை.

எடிட்டிங் மேஜையில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்த ஒற்றை நிறத்தையும் எடுத்துவிட்டுக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். குரோசாவா படத்தில் போலீசுக்குத் துப்பு போய்விடும். ஸ்பீல்பெர்க் படத்தில், வண்டியில் கிடப்பது அந்தச் சிறுமிதான் என்று ஷிண்ட்லரோடு சேர்ந்து அடையாளம் காண நமக்கு வழியே இருக்காது. கல்யாண வீடியோவில் எதுவும் குறையாது. தாத்தா பாட்டிக்கும் வண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.