நீருக்கு அஞ்சலாமா?

விடுமுறை வந்துவிட்டால் மாணவர் நெஞ்சில் முதலில் எழுவது மலை. மலைக்குப் போனால் ஏரி. ஏரிக்குப் போனால் படகு. நாச்சாரத்தில் ஓர் அறையில் நால்வராக வாடகை பகிர்ந்து வாழும் நம்மவர், மாதக் கடைசியில் தேநீருக்கும் கணக்குப் பார்ப்பவர், டிசம்பர் பிறந்ததும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு உதகைக்கும் கோடைக்கானலுக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். புறப்படட்டும், வரவேற்கிறேன். ஊர் சுற்றாத படிப்பு அரைப் படிப்பு. ஆனால் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. இவர்களுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்?

சென்ற மார்கழியில் நானும் அறைத் தோழர் ஒருவரும் அவ்வாறே போனோம். மலையேரி ஒன்றில் காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் நின்றோம். ஏரியின் மேல் பனி இன்னும் கலையவில்லை. 'கயாக்' என்று சொல்லும் ஒடுக்கமான துடுப்புப் படகுகள் கட்டிக் கிடந்தன. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்ததில் கொக்கி உடைந்திருந்தது. வேறு கேட்டேன். "பத்து நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுது, தம்பி?" என்றார் கொடுத்தவர். மீண்டும் வற்புறுத்திய பிறகே மற்றொன்று வந்தது. அப்போதுதான் தோழர் மெல்லச் சொன்னார், தம் ஜாதகத்தில் 'தண்ணீரில் கண்டம்' என்று எழுதியிருப்பதாக. அவர் அம்மா அவரைக் கிணற்றுப் பக்கமே விட்டதில்லையாம். ஆயினும் ஏறினார். ஒரு முறை நீரில் கையை விட்டவர் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். அரை மணி கழித்துக் கரையேறியபோது எங்கள் இருவர் விரல்களும் மரத்துப் போயிருந்தன; ஜாக்கெட்டின் கொக்கியை அவிழ்க்கவும் இயலவில்லை. அந்தப் படகுக்காரரின் பத்து நிமிடக் கணக்கு என் மனத்தில் தங்கிவிட்டது.

ஏனெனில் அந்தக் கணக்கு தலைகீழானது. குளிர்ந்த நீரின் தொல்லையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. கனடா நாட்டுப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தம் உடலையே பலமுறை பனிநீரில் ஆழ்த்தி ஆராய்ந்தவர். அவர் வகுத்த விதியை 1, 10, 1 என்று சுருக்கிச் சொல்வார்கள். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும்; தன்னையறியாமல் வாய் திறந்து காற்றை இழுப்போம். அந்நேரம் முகம் நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் நீரே உள்ளே போகும். அடுத்த 10 நிமிடம் கைகால்கள் சொன்னதைக் கேட்கும், பிறகு கேளா. உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். 'குளிரில் விறைத்து இறந்தான்' என்று நாம் எண்ணும் பலர் விறைப்பதற்கு நெடுநேரம் முன்பே மூழ்கிப் போனவர்கள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். நம் மலையேரிகள் கனடாவின் பனிநீர் அல்ல. என்றாலும் சமவெளியில் பிறந்த உடலுக்கு அந்த முதல் திணறலைத் தர அவற்றின் குளிரே போதும். நீந்தத் தெரிந்தவனும் அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டித்தான் தன் நீச்சலைக் காட்டவேண்டும். அதைத் தாண்டவைப்பது லைஃப் ஜாக்கெட். அதிலும் கொக்கி மாட்டிய ஜாக்கெட்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்னும் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போயின. விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். ஜாக்கெட் அணிந்தவர் இல்லை. நம் ஹைதராபாத்தும் ஒரு நாளை மறவாது. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பொறியியல் மாணவர் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அவர்கள் இந்நகரின் கல்லூரி ஒன்றிலிருந்து சுற்றுலா சென்றவர்கள். நம் வயதினர். அங்கே நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அணை நீர் வரும் வேகத்தில் நீச்சல் எம்மாத்திரம்? ஆனால் அணைக்குக் கீழுள்ள ஆறு எந்த நொடியும் எழும் என்பதை, மேலிருந்து சங்கு ஊதினால் ஓடவேண்டும் என்பதை நமக்கு எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்? நீரறிவு என்பது கைகால் அடிப்பது மட்டும் அன்று.

இப்படி ஒன்று நடந்துவிட்டால் பெரியவர்களிடம் உடனே ஒரு மருந்து தயாராகிவிடுகிறது: தடை. சுற்றுலாவுக்குத் தடை, ஆற்றுக்குத் தடை, அருவிக்குத் தடை. வீட்டிலோ ஜாதகத் தடை. பெற்றோர் அச்சத்தை நான் எள்ளவில்லை. நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி மாள்கிறார்கள்; அதைப் படித்த எந்தத் தாய்தான் அஞ்சமாட்டாள்? எனினும் தடையால் வளர்ந்த பிள்ளைதான் இருபதாம் வயதில், யாரும் பார்க்காத வெளியூரில், முதல் முறையாக ஆழத்தில் இறங்குகிறான். அதைவிடக் கேடான பாடசாலை உண்டா? எட்டு வயதில் இடுப்பளவு நீரில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சியிருந்தால், அந்த அச்சமே பிற்காலத்தில் அறிவாகியிருக்கும்.

தமிழன் நீருக்கு அஞ்சியவனா? பரிபாடல் தைந்நீராடலைப் பாடுகிறது. தை மாதக் குளிரில் வைகையில் இளமகளிர் நீராடிய செய்தி அது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர், கோலூன்றி இருமிக்கொண்டே தம் இளமையை நினைக்கிறார். அவர் ஏங்குவது பொருளுக்கோ பதவிக்கோ அன்று. மருத மரத்துக் கிளையேறிக் கரையில் நின்றவர் வியக்க மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய அந்த ஒரு நாளுக்குத்தான். நாம் முதியோரானால் எதை நினைத்து ஏங்குவோம்? தேர்வுத் தாளையா?

வெளிநாடுகளில் இதை விளையாட்டாக விடவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளங்கலை மாணவர் 100 கெஜம் நீந்திக் காட்டவேண்டும். இயலாதவர் நீச்சல் வகுப்பில் சேரவேண்டும். பீகிங்கின் சிங்குவா பல்கலைக்கழகம் 2017இல் புதுமாணவர்க்கு இத்தகைய விதியைக் கொண்டுவந்தது. அணுவைப் பிளக்கக் கற்பவனும் நீந்தக் கற்கவேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இங்கோ, உடற்பயிற்சி என்றால் மாலையில் கிரிக்கெட்டு, அதுவும் பார்ப்பதற்கு.

'ஹைதராபாத்தில் நீருக்கு எங்கே போவது?' என்பீர்கள். ஏரிகளின் நடுவே உட்கார்ந்துகொண்டு கேட்கிறோம்! ஹைதராபாத் நகரம் தோன்றியது 1591இல். அதற்கு முன்பே, இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில், ஹுசைன் சாகர் வெட்டப்பட்டுவிட்டது. ஊருக்கு மூத்தது ஏரி. அங்கே ஆண்டுதோறும் மழைக்காலக் காற்றில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ரசூல்புரா போன்ற எளிய குடியிருப்புகளின் சிறுவர் சிறுமியர் ஹைதராபாத் யாட் கிளப்பில் படகு பழகி, தேசியப் போட்டிகளில் பதக்கம் பெற்றிருக்கிறார்கள். பாய்மரம் பணக்காரர் விளையாட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இனி வழியில்லை. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண்மணி ஆனார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். நம்மில் எத்தனை பேருக்கு இப்பெயர்கள் தெரியும்?

நாச்சாரத்துக்கே வருவோம். நமக்கும் ஓர் ஏரி உண்டு; 'பெத்த செருவு' என்று தெலுங்கு நண்பர்கள் சொல்வார்கள். பெரிய ஏரி என்பதே பொருள். தொழிற்பேட்டையின் கழிவும் குடியிருப்புகளின் சாக்கடையும் பல ஆண்டுகளாகக் கலந்து, ஆகாயத்தாமரை படர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் இடமாயிற்று அது. வாசலில் இருக்கும் ஏரியைச் சாக்கடையாகப் பார்த்துக்கொண்டே, அறுநூறு மைலுக்கு அப்பால் ஓர் ஏரியில் அரை மணிக் குளிருக்குப் பணம் சேர்க்கிறோம். கோடைக்கானல் ஏரியும் இயற்கை தந்தது அன்று. 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு கரைகட்டி உண்டாக்கியது. உதகை ஏரியும் சல்லிவன் வெட்டுவித்ததே. மனிதன் கட்டிய ஏரியை மனிதன் காக்கவும் முடியும், கொல்லவும் முடியும். அங்கே காக்கிறான். இங்கே?

ஏரியைத் தூய்மையாக்குவது மாநகராட்சியின் வேலை. மாணவர் மனுக் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். நீச்சல் கற்பது நம் வேலை. கோடை விடுமுறைக்கு முன்பு, காலை ஆறு மணிக்கு, கட்டணம் செலுத்திப் பயிலும் நீச்சற்குளம் ஒன்றில் பத்துப் பேராகச் சேர்ந்து மாதம் ஒன்று பழகலாம் என்பது என் கருத்து. பத்துப் பேர் சேர்ந்தால் கட்டணத்தையும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். மாணவியர் பத்துப் பேர் சேர்ந்தால் அவர்களுக்குத் தனி நேரம் கேட்டுப் பெறலாம். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் போவதில் பொருளில்லை. விருப்பமுள்ளோர் மன்றச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் பெயர் கொடுக்கலாம். என் பெயரும் தோழர் பெயரும் முதலிரண்டாக எழுதப்பட்டுள்ளன. அவர் இன்னும் தம் அம்மாவிடம் சொல்லவில்லை.