லாபியிஸ்ட் என்றால் யார்? கலிஃபோர்னியா போட்ட கோடு

‘அவருக்குப் பின்னால பெரிய லாபியே இருக்கு’ என்பது டீக்கடைப் பேச்சு. அமெரிக்காவில் அது பெயரைப் பதிவு செய்துவிட்டுப் பார்க்கும் தொழில். யாரோ ஒருவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு, சட்டம் போடுகிறவர்களிடம் போய்ப் பேசுகிறவர்தான் லாபியிஸ்ட். லஞ்சம் கொடுப்பது வேறு, இது வேறு.

யாரெல்லாம் இதில் சேர்த்தி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்கு வகுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில், வாட்டர்கேட் விவகாரம் நாறிக்கொண்டிருந்த 1974-ல், மக்களே வாக்களித்து அரசியல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். லாபியிஸ்ட் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு மாதம் 10 டாலருக்கு மேல் எதுவும் வாங்கித் தரக்கூடாது என்றது அது. இரண்டு ஹாம்பர்கர், ஒரு கோக், அவ்வளவுதான் என்று கேலியாகச் சொல்லியே ஆதரவு திரட்டினார், பின்னாளில் கவர்னரான ஜெர்ரி பிரௌன். மசோதா நிறைவேறினால்தான் கூலி என்று பேரம் பேசுவதற்கும் அங்கே தடை.

சரி, இந்தக் கட்டுப்பாடெல்லாம் யாருக்கு? உறுப்பினர்களிடமோ அதிகாரிகளிடமோ நேரடியாகப் பேசுவதற்காக மாதம் 2,000 டாலரோ அதற்கு மேலோ வாங்குகிறவருக்கு. கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர் என்றால், மாத வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பேச்சிலேயே போக வேண்டும். மாதம் 160 மணி நேரம் வேலை பார்ப்பவர் 50 மணி நேரம் பேசினாலும் லாபியிஸ்ட் இல்லை! பிள்ளைகளின் பள்ளிக்காகச் சம்பளமில்லாமல் உறுப்பினரைத் தேடிப்போகும் அம்மாவும் இல்லை. அது நியாயம்தான்.

இடிப்பது ‘நேரடியாக’ என்ற சொல். யாரைப் பார்க்கணும், எதைச் சொல்லணும் என்று அறைக்குள் உட்கார்ந்து யோசனை மட்டும் சொல்லிக் காசு வாங்கும் ஆலோசகர், தானே போனை எடுக்காதவரை பதிவு செய்ய வேண்டியதில்லை. இதற்கு ‘நிழல் லாபி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வலையை இன்னும் அகலமாக வீசினால் என்ன? அரசிடம் முறையிடுவது அமெரிக்கர்களின் அரசியல் சாசன உரிமை. அதில் கை வைத்துவிடக் கூடாது என்றுதான் 1954-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மத்திய லாபி சட்டத்தை நேரடித் தொடர்போடு நிறுத்தியது. கருத்துச் சொல்கிறவரையெல்லாம் பதிவேட்டில் ஏற்றினால், முதலில் பயந்து ஒதுங்குபவர் அந்த அம்மாவாகத்தான் இருப்பார்.

ஆலோசகருக்கு அந்தப் பயம் இல்லை. அவர் உறுப்பினருக்கு விருந்து வைத்தால், 10 டாலர் கணக்கு பொருந்தாது. உறுப்பினர்களுக்கென்று இருக்கும் பொதுவான பரிசு வரம்புதான். அது ஆண்டுக்குச் சில நூறு டாலர்.