டப்பாவில் வந்த பலம்

மறைமலை நகரில் என் அண்ணன் மகன் தங்கியிருக்கும் அறைக்குப் போன மாதம் போயிருந்தேன். ஒரே அறை, நான்கு பையன்கள். எல்லோருக்கும் ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில், பூஜைச் சாமான் மாதிரி, ஒரு கறுப்பு டப்பா வீற்றிருந்தது.

"இது என்னடா?"

"பி.சி.ஏ.ஏ., சித்தப்பா. குடித்தால் ஜிம்முக்குப் போய் வந்த வலி தெரியாது. தசை சீக்கிரம் தேறும். மாஸ்டர் சொன்னார்."

விலை இரண்டாயிரத்துச் சொச்சம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். "டீயும் பன்னும்" என்றான்.

எனக்கு வந்த கோபம் அவன்மேல் அல்ல. அந்த டப்பாவை விற்றவர்கள்மேல்.

விஷயம் இதுதான். நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9-ஐ உடம்பு தானே செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில் வந்தாக வேண்டும். டப்பாவில் இருப்பவை அந்த ஒன்பதில் மூன்று: லியூசின், ஐசோலியூசின், வாலின். தசை கட்டும் வேலையை லியூசின் முடுக்கிவிடுகிறது என்பது வாஸ்தவம். முடுக்கிவிட்டால் போதுமா? ஒன்பது பாகங்களில் மூன்றே வந்து சேர்ந்தால், சங்கு எத்தனை தடவை ஊதினாலும் தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வருமா? சாப்பாட்டில் வராத மற்ற ஆறுக்கும் உடம்பு தன் சொந்தத் தசையைத்தான் உடைக்க வேண்டும். ராபர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2017-இல் இதை அலசி, இந்த மூன்றை மட்டும் உட்கொண்டால் தசை வளரும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்று எழுதினார். தசை வளர்க்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் சொல்லிவிட்டது.

"வலி குறைகிறதே!" என்பார்கள். கொஞ்சம் குறைவதாகச் சில சோதனைகள் சொல்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு மூன்று நாளில் தானே போய்விடுகிற வலி. அதற்காகவா, ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக் கரைத்துக் குடிப்பது?

ஒரு முட்டையில் ஒன்பதும் இருக்கின்றன. முட்டை ஆகாதவர்களுக்கும் வழி உண்டு: அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு கொடுக்கிறது; பருப்பில் குறையும் மெதியோனினை அரிசி கொடுக்கிறது. இந்தப் பெயர்களெல்லாம் தெரியாமலேதான் நம் பாட்டிகள் பொங்கலில் பயற்றம்பருப்பைப் போட்டார்கள். இந்த ஊருக்குப் பெயராய் நிற்கும் மறைமலையடிகள், பொருந்தும் உணவு எது, பொருந்தா உணவு எது என்று தனி நூலே எழுதியவர். அவர் பெயர் தாங்கிய ஊரிலா பையன்கள் பன்னைத் தின்றுவிட்டுப் பொடியைக் கும்பிடுவது!

தசை தேறுவதற்குத் தூக்கமும் வேண்டும். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று ஷிப்டு மாறுகிற பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கிறது? தூக்கத்தை டப்பாவில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் அதற்கு விளம்பரம் இல்லை.

கிளம்பும்போது அவன் கேட்டான்: "பாதி டப்பா மிச்சம் இருக்கிறதே, சித்தப்பா?"

"அதை முடித்துவிடு. அடுத்த டப்பாவுக்கு வைத்திருக்கும் காசில், நாலு பேரும் சேர்ந்து ஒரு கரண்ட் குக்கர் வாங்குங்கள்" என்றேன்.