இறாலுக்கு இருக்கும் காவல்

தூத்துக்குடியில் கப்பலேறும் இறாலை அயல்நாட்டார் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். சிப்ரோபிளாக்சசின், லெவோபிளாக்சசின் வகை மருந்தின் சுவடு தெரிந்தால் சரக்கை மறுக்கிறார்கள். அம்மருந்துகளை இறால் பண்ணையில் போடக்கூடாதென்று நம் நாட்டிலும் தடை உண்டு. நல்லது! ஆனால் அந்தப் பெட்டியைச் சுமக்கும் தோழர் காய்ச்சலென்று மருந்துக்கடை முன் நின்றால், சீட்டும் கேட்காமல் அதே மாத்திரையில் நாலைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்களே, அவருக்கு யார் காவல்?

மருந்தின்மேல் நமக்குப் பகையில்லை. 1990களில் குளோரோம்பெனிகாலுக்கு மசியாத டைபாய்டு பரவியபோது உயிர் காத்தது சிப்ரோபிளாக்சசின்தான். வைரஸ் காய்ச்சலை அது தொடவே தொடாது, அதற்கும் விழுங்கினோம். இன்று இந்திய டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு அசைவதில்லை. முரட்டுக் காசநோய்க்கு லெவோபிளாக்சசினும் மாக்சிபிளாக்சசினும் இன்றும் கைகொடுக்கின்றன. காசநோய் இருமலென்று அறியாமல் அவற்றை நாலு நாள் தின்றால் இருமல் சற்றுத் தணியும், நோய் பதுங்கும், கிருமி பழகிக்கொள்ளும்.

சுமை தூக்குவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இம்மருந்துகளால் குதிகால் தசைநாண் வீங்கலாம், அறுந்தும் போகலாம் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி எச்சரித்தது. அரிதுதான். ஆனால் 60 வயது கடந்தவருக்கும் ஸ்டீராய்டு சேர்த்துத் தின்பவருக்கும் ஆபத்து மிகுதி. காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாமல் வரும் கலவை மாத்திரையில் ஸ்டீராய்டு இல்லையென்று யார் உறுதி சொல்வது? குமாஸ்தாவுக்குக் கால் வலித்தால் நாற்காலி இருக்கிறது; மூட்டை தூக்குபவருக்குக் காலே முதல். மருந்து தின்னும்போது குதிகாலில் வலி கண்டால் அதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள ‘எச் 1’ அட்டவணையில் லெவோபிளாக்சசின் உண்டு. சீட்டு எழுதிய மருத்துவர் பெயரும், வாங்கியவர் பெயரும், கொடுத்த அளவும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். சிப்ரோபிளாக்சசினுக்கும் சீட்டு கட்டாயம். பதிவேட்டைப் புரட்ட அதிகாரி எப்போது வந்தார் என்று நாம் கேட்கிறோம்.

தொழிலாளியின் அறியாமையே காரணமென்று உபதேசிக்கும் கனவான்கள் உண்டு. காலையில் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்றே, அது யார் கணக்கு? துறைமுகத்தையும் உப்பளத்தையும் ஒட்டிய பகுதிகளில், மாலையிலும் மருத்துவர் இருக்கும் நிலையங்களைப் பெருக்குங்கள். கூலியை இழக்காமல் சீட்டு கிடைக்குமானால், அட்டையில் சிவப்புக் கோடுள்ள மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்காதீர் என்று வாயிற்கூட்டத்தில் சொல்ல நம் தோழர்கள் தயார்.