நாடியோடு துடிக்கும் காது

என் பெரியம்மாவுக்கு ராத்திரி படுத்தால் இடது காதில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். பக்கத்து மாவு மில்லில் மோட்டார் ஓடுகிறது என்றே முதலில் நினைத்தார். வயசானால் இரைச்சல் வரும் என்று ஒருவர் சத்து மாத்திரை எழுதினார். காதுக் குறும்பி என்று இன்னொருவர் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு வருஷம் வீணாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் என் விரலைத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, காதில் கேட்கிற தாளத்தை மறுகையால் கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினார். விரலுக்கடியில் நாடி, சட்டத்தில் தட்டல். இரண்டும் துளி பிசகவில்லை.

அதைச் சொன்னதும் காது டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் எனக்கும் காட்டினார். முத்து நிறத்தில் பளபளக்க வேண்டிய செவிப்பறைக்குப் பின்னால், கீழ்ப்பக்கம், சிவப்பாக ஏதோ எழும்பி நின்றது, பாதி உதித்த சூரியனைப் போல. ரப்பர் குமிழை அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிவப்பு வெளிறியது, விட்டதும் திரும்ப ஏறியது. “இதுல ஊசியோ கத்தியோ வைக்கக் கூடாதும்மா. முதல்ல ஸ்கேன்” என்றார்.

அது குளோமஸ் கட்டி. காதருகே இருக்கும் பெரிய கழுத்துச் சிரையையும் நடுக்காதையும் ஒட்டி, அரை மில்லிமீட்டர் அளவில் சில திசுமுடிச்சுகள் நம்மில் பலருக்கும் உண்டு. 1941-ல் ஸ்டேசி கில்ட் அவற்றை விவரித்தார். 1945-ல் ரோசன்வாசர், நடுக்காதில் எடுத்த ஒரு கட்டி அதே ஜாதி என்று கண்டு எழுதினார். பெரும்பாலும் புற்று அல்ல, மெதுவாகவே வளரும். ஆனால் முழுக்க ரத்தக்குழாய். சோதனைக்கென்று துணுக்கு கிள்ளினால் ரத்தம் கொட்டும். அதைவிட மோசம், சிலருக்கு அந்தச் சிவப்பு கட்டியே அல்ல, இடம் மாறி ஓடும் மூளைக்கான தமனியாகவே இருக்கும்.

சிடி ஸ்கேனில் டாக்டர் தேடியது ஒரு மெல்லிய எலும்புத் தகட்டை. அது சிரைக்கும் நடுக்காதுக்கும் நடுவில் இருப்பது. பெரியம்மாவுக்கு அது அரிக்கப்படாமல் இருந்தது. கட்டி நடுக்காதோடு நின்றிருந்தது. அரித்திருந்தால் கதை வேறு. குரல், விழுங்குதல், நாக்கு ஆகியவற்றுக்கான நரம்புகள் அந்தச் சிரைக்குப் பக்கத்தில்தான் இறங்குகின்றன. அப்படிப்பட்ட கட்டிக்கு முதலில் ரத்தம் ஊட்டும் குழாய்களைத் தொடைவழிக் குழாய் செலுத்தி அடைத்து, ஓரிரு நாளில் அறுவை செய்வார்கள். வயதானவர்களுக்குக் கதிர்வீச்சால் வளர்ச்சியை நிறுத்துவதோ, எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதோ போதும் என்றும் முடிவெடுப்பதுண்டு. நரம்பைப் பலிகொடுத்துக் கட்டியை முழுசாக எடுப்பதைவிட அதுவே நல்லது என்பது என் எண்ணமும்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். “அப்பா வழியில யாருக்காவது கழுத்துல கட்டி இருந்துச்சா?” இந்தக் கட்டி சில குடும்பங்களில் இறங்கி வரும். அதில் ஒரு மரபணுக் கோளாறு தந்தையிடமிருந்து வந்தால்தான் பெரும்பாலும் கட்டியாக வெளிப்படும். சில கட்டிகள் அட்ரினலின் போன்ற சுரப்பை விடும். மயக்க மருந்துக்கு முன்பே பரிசோதித்து அறியாவிட்டால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும்.

நாடியோடு துடிக்கும் இரைச்சலுக்கு ரத்தசோகை, தைராய்டு, குழாய்ச் சுருக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் டாக்டரிடம் “இரைச்சல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “நாடியோடு துடிக்கிறது” என்று சொல்லுங்கள்.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று ராத்திரி பெரியம்மா விளக்கை அணைத்துவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்தபடி வெகுநேரம் படுத்திருந்தார். நாடி விரலில் மட்டும்தான் இருந்தது.