ஒரு சொல், பல பொய்கள்!

இங்கிலீஷில் 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. பள்ளிக்கூடப் பரீட்சையில் அதற்குத் 'தவறு' என்று பொருள். போலீஸ் ஸ்டேஷனில் 'ஃபால்ஸ் கேஸ்' என்றால் பொய் வழக்கு. பல் வைத்தியரிடம் அதுவே கட்டுப்பல். ஆபீஸ் அறையின் உத்தரத்தை மறைத்து அடிக்கும் அட்டைக்கு 'ஃபால்ஸ் சீலிங்' என்று பெயர்.

தமிழும் சளைத்ததல்ல. மழை பொய்த்தது என்கிறோம். வானம் வாய் திறந்தா பொய் சொன்னது? வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறது. அது மரக்கால் என்று ஆடுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை.

ஆகவே, ஒன்று பொய்யா மெய்யா என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தப் பொய் எதை மறைக்கிறது? அதனால் லாபம் யாருக்கு? இதையும் கேட்க வேண்டும். ஏனெனில், பாட்டாளியின் வயிற்றில் அடிக்கும் பொய் வாயால் சொல்லும் பொய் அல்ல. அது முத்திரை குத்திய காகிதத்தில் இருக்கிறது!

புதுவாயல் கூட்டுரோட்டில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியைக் கேளுங்கள்: 'எங்கே வேலை?' கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஆலையின் பெயரைச் சொல்வார். அவர் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். அதில் காண்ட்ராக்டர் பெயர் இருக்கும். மிஷின் ஆலையுடையது. கச்சாப் பொருள் ஆலையுடையது. வேலை ஏவும் சூப்பர்வைசர் ஆலையின் ஆள். லாபமும் ஆலைக்கே. ஆனால் தொழிலாளி மட்டும் ஆலைக்குச் சொந்தமில்லையாம்! என்ன விந்தை!

இந்த விந்தை கோர்ட்டுக்கும் போனது. கோழிக்கோட்டில் ஓர் ஆலைக்குள் கயிறு திரித்த தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. 'அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள்' என்று முதலாளி கையை விரித்தார். 1978ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. தீர்ப்பெழுதியவர், 1957ல் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். யாருடைய வியாபாரத்துக்காகச் சரக்கு உற்பத்தியாகிறதோ, தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ, அவரே உண்மையான முதலாளி. நடுவில் எத்தனை காண்ட்ராக்டர்கள் நின்றாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

2001ல் அதே கோர்ட், உருக்காலைக் கழக வழக்கில், காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றது. ஆனால் ஒப்பந்தம் வெறும் போலி என்று தொழில் நீதிமன்றத்தில் ஊர்ஜிதமானால், அவர்கள் ஆலையின் தொழிலாளர்களே என்றும் சொன்னது. போலியை நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுந்தது? தொழிலாளியின் தலையில்தான்!

வயல்வெளிக்கு வாருங்கள். 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? உறவினர் பெயரிலும், பண்ணையாள் பெயரிலும், டிரஸ்டுகள் பெயரிலும் நிலத்தை மாற்றி எழுதினார்கள். பத்திரம் அசல். ரிஜிஸ்டிரார் ஆபீஸ் முத்திரை அசல். கையெழுத்தும் அசல். உடைமை மட்டும் போலி! இதற்குத்தான் பினாமி என்று பெயர். ஆலையில் காண்ட்ராக்ட், வயலில் பினாமி. இரண்டும் ஒரே மரத்துக் கிளைகள்.

இன்னொரு ரகமும் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அந்த நாள் நெருங்கும்போது தொழிலாளியை நிறுத்து. சில நாள் கழித்துப் புதிய ஆளாகச் சேர். அல்லது 'டிரெய்னி' என்று பெயர் சூட்டு! கைதேர்ந்த தொழிலாளி வருடக் கணக்கில் பயிற்சி பெறுகிறாராம்!

1970ம் வருஷத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 50 பேர். 49 பேரை வைத்திருக்கும் காண்ட்ராக்டருக்கு இனி யோகம்தான்!

கடைசியாக ஒரு பொய். இதுதான் மிகவும் கொடியது. 1893ல் மேரிங்குக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் 'பொய்யான உணர்வு' என்பதைக் குறிப்பிட்டார். தன்னை இயக்கும் உண்மையான சக்தி எது என்று தெரியாமலே மனிதன் சிந்திக்கிறான் என்றார். ஒடிஸாவிலிருந்து வந்தவன் என் வேலையைப் பறிக்கிறான் என்று உள்ளூர்த் தொழிலாளி நினைக்கிறார். காண்ட்ராக்ட் ஆள் என் போனஸுக்கு எதிரி என்று நிரந்தரத் தொழிலாளி நினைக்கிறார். இதை அவர்கள் பொய்யாகச் சொல்லவில்லை, மனதார நம்புகிறார்கள். அதனால்தான் இது நிர்வாகத்துக்கு இத்தனை லாபம்!

தோழர்களே! கேட் பாஸ், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, சூப்பர்வைசர் கொடுத்த உத்தரவு, எதையும் தூக்கி எறியாதீர்கள். பத்திரப்படுத்துங்கள். வேலை யார் ஏவுகிறார், மிஷின் யாருடையது, வெளியே அனுப்புவது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். நிரந்தரம், காண்ட்ராக்ட், டிரெய்னி, வெளி மாநிலம் என்ற பேதமின்றி ஒரே யூனியனில் சேருங்கள். காகிதத்தில் எழுதிய பொய்யைத் தனி ஒருவரால் கிழிக்க முடியாது. ஒன்றுபட்ட கைகளால் முடியும்!